முங்கி எழுந்தவரிடம் கேட்ட கேள்விகள்

அன்று பாறை மீது இருந்தவர்கள் ஐந்து பேர். முங்கி இறால் பிடிக்கும் மாதையன், அவர் மனைவி கெம்பம்மா, பரிசல்காரர் ராசு, சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி, நான். இல்லாதவை எங்கள் ஆய்வாளர், அவருடைய ஜீப், ஜீப்புக்குள் இருந்த முதலுதவிப் பெட்டி. மூன்றும் தருமபுரியில் மாதாந்திரக் கூட்டத்தில் இருந்தன. நீச்சல் தெரிந்த அரசு ஊழியர் ஒருவரும் அங்கே இல்லை. பதிவேட்டின்படி ஒருவர் இருந்தார். அது நான்.

மீன்வளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படிப்பட்டவற்றை ஓய்வு பெற்ற பெரியவர்கள்தான் எழுத வேண்டும். எனக்கு ஏழு வருடச் சர்வீஸ்தான் ஆகிறது. ஆனால் ஓய்வு பெற்றவர்கள் யாரும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. போயிருந்தால் மாதையனுக்கு இன்றைக்கு இரண்டு காதும் கேட்கும். அடுத்த வாரம் நான் மாற்றலாகிப் போகிறேன். என் மேசையின் இழுப்பறையில் இது இருக்கும். படிவங்களுக்கு மேலேயே வைத்திருக்கிறேன்.

முதலில் நீச்சல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கம்பைநல்லூர்ப் பக்கம். கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற மானாவாரி நிலம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். கிணற்றுக்குள் போகாத ஆளும் நான் ஒருவன்தான். வேலைக்கு விண்ணப்பம் போடும்போது "நீந்தத் தெரியுமா?" என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் வேலை கிடைக்காதோ என்று பயந்து "ஆம்" என்று எழுதினேன். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. வேலை கிடைத்ததும் அப்பா கேட்டார்.

"மீன் புடிக்கறதுக்கு பதினொண்ணாவது வரைக்கும் எதுக்குடா படிப்பு? தூண்டிலு போதாதா?"

"புடிக்கற வேல இல்லீங்கப்பா. புடிக்கறவங்களப் பாத்து எழுதற வேல."

"அதுக்குச் சம்பளமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மாசாமாசமா?" என்றார்.

எழுதுகிற வேலை என்று நானும் நம்பினேன். காலிக் கட்டம் என்பது என் கண்ணுக்கு அழுக்கு மாதிரி தெரியும். இது நல்ல குணம் என்று என் முதல் வருட ரகசிய அறிக்கையில் ஆய்வாளரே எழுதியிருக்கிறார்.

ஒகேனக்கல்லுக்கு மேலே உள்ள காவிரிப் பகுதியில் "இறால்: இல்லை" என்று நம் பதிவேட்டில் வருடா வருடம் எழுதி வந்தார்கள். வலை போட்டுப் பார்த்தவர்கள் எழுதியது முதல் வருடத்தில். மற்ற வருடங்களில் அதைப் பார்த்து எழுதினார்கள். நானும் ஒரு வருடம் எழுதினேன். அப்புறம் ஒரு நாள் பென்னாகரம் சந்தையில் ஒரு பெண்ணின் கூடையில் இலைக்கு வெளியே நீல நிறத்தில் ஒரு முழக் கொடுக்கு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஒரு முழம் என்பது அப்போது தோன்றியது. பிறகு அளந்தபோது முக்கால் சாண்.

"இது எங்க புடிச்சதுங்க?"

"ஆத்துல."

"ஆத்துல இல்லைன்னு எழுதியிருக்குதே."

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இல்லாத எறாலுக்குத்தான் வெல கேக்கறீங்களா சார்?" என்றார். அவர்தான் கெம்பம்மா. பிறந்த ஊர் ஆற்றுக்கு அக்கரை. வீட்டில் கன்னடம், சந்தையில் தமிழ், என்னிடம் இரண்டையும்விடக் கொஞ்சம் சுருக்கமான ஒரு பாஷை.

இந்த இறால் வலைக்கு வராது. தண்ணீருக்கு அடியில் பாறைப் பொந்துக்குள் உட்கார்ந்திருக்கும். ஆள் முங்கிப்போய், கையை உள்ளே விட்டு, கொடுக்குக்குப் பின்னால் பிடித்து எடுக்க வேண்டும். எட்டுக் குடும்பங்கள் அதைச் செய்துகொண்டிருந்தன. கோடையில் தண்ணீர் வடிந்து தெளிந்திருக்கும் மாதங்களில் அதுதான் அவர்களுக்கு அரிசி. மாதையன் அதில் கெட்டிக்காரர். என் வயதுதான் அவருக்கும். நிலம் கிடையாது. இரண்டு பெண் குழந்தைகள்.

மூன்று தடவை போய் உட்கார்ந்து பார்த்தேன். முங்குகிறவர் மேலே வருவார், பாறையைப் பிடித்துக்கொள்வார், தண்ணீரைத் துப்புவார், மூச்சு வாங்குவார். பாறை மேல் இருப்பவர்கள் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். ராசு பீடியைக்கூட வாயிலிருந்து எடுத்துவிடுவார். பிறகு முங்கினவர் "ம்" என்பார். அதற்குப் பிறகுதான் பேச்சு, சிரிப்பு, வெற்றிலை எல்லாம். நான் இதைக் கவனமாகக் குறித்துக்கொண்டேன். அறிக்கையில் "இம்மக்கள் அதிகம் பேசுவதில்லை" என்று எழுதினேன்.

என் அறிக்கையை யாரோ படித்துவிட்டார்கள். நம் வேலையில் இது அபூர்வம். சென்னையிலிருந்து கடிதம் வந்தது. ஓர் அதிகாரி நேரில் வருவார், அவர் முன்னிலையில் உயிருள்ள இறால் பன்னிரண்டு பிடித்துக் காட்ட வேண்டும், அவற்றில் குறைந்தது நான்கு முட்டை சுமந்தவையாக இருக்க வேண்டும், இணைத்துள்ள படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். அப்படி மெய்ப்பிக்கப்பட்டால், கையால் இறால் பிடிப்பதை மீன் குத்தகையிலிருந்து பிரித்து, முங்குகிறவர்களுக்குத் தனி உரிமம் கொடுப்பது பரிசீலிக்கப்படும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த வருடம்தான் அந்தப் பகுதி முதல் தடவையாகக் குத்தகைக்கு ஏலம் போகவிருந்தது. ஏலம் எடுக்கப்போகிறவர் யார் என்பது ஏலத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். அவருடைய ஆள் மாதையனிடம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். "ஏலம் முடிஞ்சதும் தண்ணியில காலு வெச்சீன்னா, அப்பறம் அந்தக் காலு உன்து இல்ல." மாதையன் கையில் காகிதம் எதுவும் இல்லை. காகிதம் வர வேண்டுமென்றால் பன்னிரண்டு இறால் வர வேண்டும்.

நான் இதை அவருக்கு விளக்கினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க எழுதறது சரியா இருந்தா குடுத்துருவாங்களா சார்?"

"எல்லாக் கட்டமும் நிறைஞ்சிருந்தா குடுத்துருவாங்க."

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் உண்மை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அதிகாரி காலையிலேயே பேருந்தில் வந்து சேர்ந்தார். தோல் காலணி, கறுப்புக் குடை. பாறையில் குடையை விரித்து உட்கார்ந்தார். நான் படிவத்தை அட்டையில் செருகிக்கொண்டு தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு முங்கலுக்கும் பதினொரு கட்டம். எத்தனை, எந்தப் பொந்து, எந்தத் திசை, எவ்வளவு ஆழம், மணலா கல்லா, ஆணா பெண்ணா, முட்டை உண்டா, இப்படி.

மாதையன் முதல் தடவை முங்கி எழுந்தார். பாறையைப் பிடித்தார்.

"எத்தனை மாதையன்?" என்றேன்.

கெம்பம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ராசுவும் பார்த்தார்.

"ரெண்டுங்க... சார்."

"எந்தப் பொந்து?"

"வடக்கால... தட்டப் பாறைக்கு அடியில."

"ஆழம்?"

"ரெண்டாளு... இருக்குங்க."

"முட்டை?"

"ஒண்ணுலங்க சார்," என்று சொல்லிவிட்டு முங்கிவிட்டார். வேலை வேகமாக நடக்கிறது என்று எனக்குத் திருப்தி. அதிகாரியும் தலையாட்டினார்.

இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவைக்கு முன் கெம்பம்மா என் பக்கத்தில் வந்தார். "சார், பையில இருக்கறத நான் எண்ணிச் சொல்றேன். முட்ட இருந்தா நானே பாத்துச் சொல்றேன். அவரக் கேக்காதீங்க."

"எண்ணிக்கை மட்டும் இல்லீங்கம்மா. இன்னும் பத்துக் கட்டம் இருக்குது."

"கட்டம் எங்க ஓடியா போவுது? அவரு கரைக்கு வந்தப்பறம் எழுதுங்களேன்."

"மறந்துட்டார்னா?"

கெம்பம்மா பதில் சொல்வதற்குள் மாதையன் மேலே வந்துவிட்டார். கடைசி வார்த்தை அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டே, "கெம்பி... சும்மா இரு. சார் கேக்கட்டும். நல்லா... எழுதட்டும்," என்றார். அதற்காக ஒரு மூச்சு செலவு. என் கேள்விகளுக்கு நான்கைந்து மூச்சு. மிச்சத்தை எடுத்துக்கொண்டு முங்கினார்.

உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். எனக்கு அப்போது விளங்கவில்லை. முங்கி எழுந்தவர் "ம்" சொல்கிற வரைக்கும் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது அவர்களுடைய கட்டுப்பாடு. வீடு பற்றி எரிந்தாலும் "ம்" வந்த பிறகுதான் சொல்வார்கள். கேட்டால் பதில் சொல்லத் தோன்றும், பதில் சொன்னால் மூச்சு போகும், மூச்சு போனது கீழே போன பிறகுதான் தெரியும். இந்தக் கட்டுப்பாட்டை யாராவது மீறினால் முங்குகிறவர் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிடுவார், அதோடு சரியாகிவிடும். ஆனால் கையில் அட்டையோடு நிற்கிற சர்க்கார் ஆளை எப்படித் திட்டுவது? அதுவும் உரிமம் எழுதப்போகிற ஆளை? பதில் சொல்வதுதான் மரியாதை. மாதையன் மரியாதை தெரிந்தவர்.

ஏழு முங்கலில் ஒன்பது இறால் வந்தன. முட்டையோடு மூன்று. எட்டாவது தடவை வெறும் கையோடு வந்தார். "ஏதும் கிடைக்காவிட்டால் காரணம்" என்று அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

"ஏன் கிடைக்கல?"

"கை... எட்டலீங்க சார்." முகம் வெளுத்திருந்தது. குளிரில் அப்படி இருக்கிறது என்று நினைத்தேன். சித்திரை மாதம், முற்பகல். குளிர் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. "இன்னும் மூணுதான் மாதையன்," என்றேன். அவர் உடனே முங்கினார்.

கெம்பம்மா எப்போதும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பார். நாற்பதுக்குள் மாதையன் தலை தெரியும். அந்தத் தடவை அவர் எண்ணிக்கொண்டே எழுந்து நின்றார். அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"ராசு," என்றார். சத்தமாகக்கூட இல்லை.

ராசு பீடியை எறிந்தார். "எந்தப் பொந்துன்னு சொன்னான் கடசியா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் படிவத்தைப் பார்த்துத் தெளிவாகப் படித்தேன். "வடக்கு. தட்டைப் பாறை. மூன்றாவது பொந்து."

ராசு வடக்கே குதித்தார். நான் அட்டையைக் கீழே வைத்து, காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் ஒரு கல்லை வைத்தேன். கல்லை வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. பிறகு சட்டையோடு விளிம்புக்குப் போனேன். பின்னாலிருந்து அதிகாரி கேட்டார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியும் இல்லையா?"

என் சர்வீஸில் நான் யோசிக்காமல் கொடுத்த ஒரே தகவலும், மிகச் சரியான தகவலும் அதுதான். "தெரியாது சார்."

"அப்ப நில்லுங்க," என்றார். "எனக்கும் தெரியாது."

நின்றேன். நான் குதித்திருந்தால் ராசுவுக்கு வேலை இரண்டாகியிருக்கும். சும்மா நிற்பது எப்படிப்பட்ட வேலை என்பதை அந்தப் பாறையில்தான் தெரிந்துகொண்டேன். நீங்களும் ஒரு நாள் நிற்க வேண்டி வரும். பொய் சொல்லாமல் நில்லுங்கள்.

ராசு மேலே வந்து தலையை ஆட்டினார். வடக்கே யாரும் இல்லை. மறுபடி முங்கினார். கெம்பம்மா என் படிவத்தைக் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெற்குப் பக்கம் போனார், முங்கினார். நாங்கள் இரண்டு அரசு ஊழியர்களும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கெம்பம்மா மேலே வந்தபோது கையில் மாதையனின் தலைமுடி இருந்தது. முடியோடு மாதையனும் வந்தார். அதிகாரி பாறையில் குப்புறப் படுத்துக் குடையின் பிடியை நீட்டினார். கெம்பம்மா அதைப் பிடித்துக்கொண்டார். நான் அதிகாரியின் கால்களைப் பிடித்துக்கொண்டேன். ராசு நீந்தி வந்து கீழிருந்து தள்ளினார். இப்படியாக ஏற்றினோம்.

ராசு பரிசலைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் மாதையனைக் குப்புறக் கிடத்தி, முதுகை அமுக்கினார். தண்ணீர் வந்தது. காலையில் குடித்த களியும் மோரும் வந்தன. இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. மூச்சு வரவில்லை. ராசு அமுக்கிக்கொண்டே இருந்தார். கெம்பம்மா முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து கன்னடத்தில் ஏதோ வைதுகொண்டிருந்தார். அர்த்தம் எனக்குத் தெரியாது, வைகிறார் என்பது தெரிந்தது. பிறகு மாதையன் இருமினார். நீளமாக இழுத்து மூச்சு விட்டார். மறுபடியும் ஒன்று.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆறு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"ம்," என்றார் மாதையன்.

கெம்பம்மா உட்கார்ந்துவிட்டார்.

மாதையன் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். "சார்... மூணு கொறையுதுங்களே," என்றார். எழுந்திருக்கப் பார்த்தார். அவருக்கு அப்போதும் ஏலமும் காகிதமும்தான் நினைப்பு.

"கொறையட்டும்," என்றார் கெம்பம்மா. "எந்திரிச்சீன்னா நானே புடிச்சு அமுக்கிருவேன்."

"எந்தப் பக்கம் போனீங்க மாதையன்? வடக்குன்னு எழுதியிருக்கேன்," என்றேன். இது கேள்விதான். ஆனால் "ம்"முக்குப் பிறகு கேட்டது.

அவர் சங்கடப்பட்டார். "ரெண்டாந் தடவையில இருந்தே தெக்காலதாங்க சார். நீங்க கேக்கறப்ப வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். ரோசன பண்ணிச் சொல்ல மூச்சு இல்லீங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

எண்பத்தெட்டுக் கட்டங்கள். எல்லாம் நிறைந்திருந்தன. எண்ணிக்கையைத் தவிர எதையும் நம்ப முடியாது. அதை வைத்துத்தான் ராசுவை வடக்கே அனுப்பியிருந்தேன்.

இப்போது நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. படிவத்தில் பன்னிரண்டு என்று எழுதலாம். அதிகாரி இருந்த நிலையில் கையெழுத்துப் போட்டிருப்பார். எட்டுக் குடும்பத்துக்கு நல்லது. முன்பு ஒரு கட்டத்தில் பொய் எழுதி எனக்கு வேலையே கிடைத்திருக்கிறது. கல்லை எடுத்துவிட்டு அட்டையைக் கையில் எடுத்தேன். பொந்து, திசை, ஆழம் எல்லாவற்றையும் குறுக்கே அடித்தேன். எண்ணிக்கையில் ஒன்பது என்று எழுதினேன். அதிகாரியிடம் நீட்டினேன்.

"ஒன்பதுதான் சார். முட்டையோடு மூணு. மத்த கட்டமெல்லாம் தப்பு. நான் கேட்ட நேரம் தப்பு. பன்னிரண்டு வேணும்னா இன்னொரு நாள் வரணும். இன்னிக்கு முங்கச் சொல்ல மாட்டேன்."

சொல்லி முடித்ததும் வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அதைவிட, எட்டுக் குடும்பத்தின் காகிதம் போய்விட்டது என்று நினைத்தேன். மாதையனும் அப்படித்தான் நினைத்திருப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதிகாரி படிவத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் சட்டை முன்பக்கம் முழுவதும் பாசி. "கடிதத்துல பன்னிரண்டுன்னு போட்டது யாரு?" என்றார்.

"தெரியாது சார். கீழ உங்க கையெழுத்து இருந்தது."

அவர் யோசித்தார். "ஒரு டஜன்னு போட்டிருப்பேன்," என்றார். "வாழைப்பழம் மாதிரி." கொஞ்சம் கழித்து, "அதுக்கு வேற காரணம் எதுவும் இல்ல," என்றார். பேனாவை வாங்கி ஒன்பதுக்குக் கீழே "போதுமானது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜீப் இல்லாததால் பேருந்தில்தான் மாதையனைப் பென்னாகரத்துக்குக் கொண்டுபோனோம். இறால் இருந்த தண்ணீர் டின்னும் கூடவே வந்தது. நடத்துனர் டின்னுக்குத் தனி டிக்கெட் கேட்டார். அதிகாரி கொடுத்தார். வழி நெடுக மாதையன் முகத்தைக் காட்டாமல் என் பக்கம் வலது காதைத் திருப்பியே உட்கார்ந்திருந்தார். கோபமாக்கும் என்று நினைத்தேன். இடது காது கேட்கவில்லை என்பதை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவசர அவசரமாக முங்கி முங்கி உள்ளே சவ்வு கிழிந்துவிட்டதாம். அது திரும்பவில்லை.

பிறகு நான் நீச்சல் கற்றுக்கொண்டேன். ராசு இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிட்டார். மேலே வந்து மூக்கில் தண்ணீரோடு திணறும்போது கெம்பம்மா பாறையில் உட்கார்ந்தபடி, "எத்தினி சார்? எந்தப் பொந்து? ஆணா பொண்ணா?" என்று கேட்பார். மாதையன் சிரிப்பார். நான் பதில் சொன்னதில்லை.

நீங்கள் நாளைக்கு ஆற்றுக்குப் போகும்போது படிவத்தைக் கொண்டுபோங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கரையில் இருப்பவரிடம் கேளுங்கள். வேலை செய்கிறவர் பேசாமலிருந்தால் அவர் பேசாத ஜனம் என்று எழுதாதீர்கள், ஏன் பேசவில்லை என்று பாருங்கள். உங்களுக்குப் பயப்படுகிறவர் சொல்லும் பதிலை மையால் எழுதாதீர்கள். யாராவது ஓர் எண்ணைக் கொடுத்து அதை எட்டச் சொன்னால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே, எல்லோரும் காய்ந்த சட்டையோடு இருக்கும்போதே, கேட்டுவிடுங்கள். காலிக் கட்டத்தைக் காலியாகவே அனுப்பலாம். நான் அதற்குப் பிறகு நிறைய அனுப்பியிருக்கிறேன். இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

உரிமம் நான்கு மாதம் கழித்து வந்தது, எட்டுக் குடும்பத்துக்கும். குத்தகைக்காரர் மாதையன் கையிலிருந்த காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மாதையன் குடும்பத்துக்கு இதற்கெல்லாம் ஆன மொத்தச் செலவு: ஓர் இடது காது, பதினேழு நாள் வேலை, உரிமக் கட்டணம் இரண்டு ரூபாய் ஐம்பது காசு. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ரசீது கொடுத்தோம்.